கார் பேட்டரி கேபிள் எத்தனை ஸ்கொயர் எம்எம் வேணும்? புது பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஐடிஆர்னு பேசற இடத்துல பேட்டரி கேபிளுக்கு என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷத்துல முதல் கார், பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் கார், வாங்கறவங்க பணம் எங்கெல்லாம் ஒழுகுதுன்னு பார்த்தா, அதுல ஒரு ஓட்டை இந்த வயர்லதான் இருக்கு. அது மூணு விதமா ஒழுகும்.

1. காலையில கார் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. "பேட்டரி போச்சு சார்"னு சொல்றாங்க. 5,000, 6,000 ரூபாய் கொடுத்து புது பேட்டரி போடறோம். ரெண்டு மாசத்துல அதே பிரச்சினை திரும்ப வருது.
2. 18,000 ரூபாய்க்கு ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் வாங்கறோம். வயரிங் கிட்ல மட்டும் 1,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறோம்.
3. மெல்லிசான வயர் சூடாகி உருகி ஏதாவது ஆச்சுன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி எதுக்குப் பணம் தரும், எதுக்குத் தராதுன்னு அப்பதான் முதல் தடவையா பாலிசியைப் படிக்கிறோம்.

மூணுக்கும் மருந்து ஒரே கணக்குதான். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும். மெக்கானிக் "இது போதும் சார்"னு சொல்லும்போது, போதுமா போதாதான்னு நீங்களே சரிபார்த்துக்கலாம்.

12 வோல்ட்ல ஏன் இவ்வளவு தடியான வயர்?

வீட்டுல 600 வாட் மிக்ஸி ஓடுது. 600-ஐ 230 வோல்ட்டால வகுத்தா 2.6 ஆம்ப். சாதாரண வயரே போதும். அதே 600 வாட்டை காரோட 12 வோல்ட்ல எடுக்கணும்னா 600 ÷ 12 = 50 ஆம்ப். வேலை அதேதான், ஆனா கரன்ட் 19 மடங்கு.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. வயர்ல வீணாகற சூடு கரன்ட்டோட வர்க்கத்துல ஏறும். கரன்ட் 19 மடங்குன்னா, அதே வயர்ல சூடு 19 × 19, அதாவது சுமார் 360 மடங்கு. கூட்டு வட்டி மாதிரிதான். நமக்குச் சாதகமா இருந்தா சந்தோஷம், எதிரா இருந்தா கிரெடிட் கார்டு பில்லு.

சூடு ஒரு நஷ்டம். இன்னொண்ணு வோல்டேஜ் டிராப். பேட்டரியில கிளம்பற வோல்டேஜ் முழுசா கருவிக்குப் போய்ச் சேராது, வழியில வயர் கொஞ்சம் பிடிச்சுக்கும். நம்ம சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒரே வித்தியாசம், இதுக்கு ரீஃபண்ட் கிடையாது. வீட்டுல 230 வோல்ட்ல 1 வோல்ட் போனா யாருக்கும் தெரியாது. கார்ல 12 வோல்ட்ல 1 வோல்ட் போனா 8 சதவீதத்துக்கு மேல போச்சு.

கணக்கு இதுதான்

வோல்டேஜ் டிராப் = 0.02 × நீளம் × கரன்ட் ÷ கேபிள் சைஸ்

நீளம் மீட்டர்ல, கரன்ட் ஆம்ப்ல, கேபிள் சைஸ் ஸ்கொயர் எம்எம்ல. அந்த 0.02 எங்கிருந்து வந்துச்சு? ஒரு மீட்டர் நீளம், ஒரு ஸ்கொயர் எம்எம் தடிமன் இருக்கற செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில 0.0172 ஓம். சூடு ஏற ஏற இது கூடும். 60 டிகிரியில கிட்டத்தட்ட 0.02. நம்ம ஊர் வெயில்ல, பானெட்டுக்குள்ள 60 டிகிரி பெரிய விஷயம் இல்ல. அதனால 0.02-ஐயே வெச்சுக்கலாம். கணக்குப் போடவும் ஈஸி.

இதையே திருப்பிப் போட்டா நமக்கு வேண்டிய சைஸ் கிடைச்சிடும்:

கேபிள் சைஸ் = 0.02 × நீளம் × கரன்ட் ÷ அனுமதிக்கிற டிராப்

அனுமதிக்கிற டிராப் எவ்வளவு? கூடுதலா மாட்டற கருவிகளுக்கு 12 வோல்ட்ல 3 சதவீதம், அதாவது 0.36 வோல்ட்னு வெச்சுக்கறது நல்ல பழக்கம்.

நீளத்துல ஒரு எச்சரிக்கை. கரன்ட் போனா திரும்பி வரணும். பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டு வயரும் பேட்டரி வரைக்கும் போகுதுன்னா, ரெண்டு நீளத்தையும் கூட்டணும். பாடியில எர்த் எடுத்தா, பாசிட்டிவ் வயர் நீளத்தோட அந்தச் சின்ன எர்த் வயரைக் கூட்டினா போதும். நீளத்தை டேப்பால நேர்க்கோட்டுல அளக்காதீங்க. வயர் வளைஞ்சு, மிதியடிக்குக் கீழ ஓடி, சீட்டைச் சுத்திப் போகற பாதையை அளக்கணும்.

உதாரணம் 1: டிக்கியில ஆம்ப்ளிஃபையர்

முதல்ல கரன்ட் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கணும். டப்பா மேல "2000 வாட்"னு பெருசா போட்டிருக்கும். அது சிடிசி. நமக்கு வேண்டியது டேக் ஹோம். அதாவது ஆர்எம்எஸ் வாட். மேனுவல்ல சின்ன எழுத்துல இருக்கும்.

ஆர்எம்எஸ் 500 வாட், கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்னு எடுத்துக்கலாம். கிளாஸ் டி சுமார் 80 சதவீதம் திறன்ல வேலை செய்யும். உள்ள போக வேண்டியது 500 ÷ 0.8 = 625 வாட். வண்டி ஓடும்போது சுமார் 13.8 வோல்ட் இருக்கும். 625 ÷ 13.8 = 45 ஆம்ப்.

மேனுவல் இல்லையா? ஆம்ப்ளிஃபையர் பக்கவாட்டுல இருக்கற ஃப்யூஸ் நம்பரைப் பாருங்க. 30 ஆம்ப் ஃப்யூஸ் ஒண்ணு மட்டும் இருந்தா, அது தொடர்ந்து எடுக்கக்கூடியது 30 × 13.8 = 414 வாட். அந்த டப்பாவுல இருக்கற 2000 வாட் விளம்பரம் மட்டும்தான்னு அங்கேயே தெரிஞ்சிடும். டப்பா பொய் சொல்லும், ஃப்யூஸ் சொல்லாது.

இப்ப நீளம். முன்னாடி பேட்டரியில இருந்து டிக்கி வரைக்கும் 5 மீட்டர், எர்த் வயர் அரை மீட்டர். மொத்தம் 5.5 மீட்டர்.

0.02 × 5.5 × 45 = 4.95. இதை 0.36-ஆல வகுத்தா 13.75 ஸ்கொயர் எம்எம். 13.75-ல கேபிள் கிடைக்காது. அதுக்கு அடுத்த பெரிய சைஸ் 16. எப்பவும் மேல் பக்கமா ரவுண்ட் பண்ணணும், கீழ் பக்கமா இல்ல.

வேற வேற சைஸ் போட்டா என்ன ஆகும்?

- 16 ஸ்கொயர் எம்எம்: டிராப் 0.31 வோல்ட், வயர்ல வீணாகறது 14 வாட்
- 10 ஸ்கொயர் எம்எம்: டிராப் 0.5 வோல்ட், வீணாகறது 22 வாட்
- 6 ஸ்கொயர் எம்எம்: டிராப் 0.83 வோல்ட், வீணாகறது 37 வாட்
- 4 ஸ்கொயர் எம்எம்: டிராப் 1.24 வோல்ட், வீணாகறது 56 வாட்

கடைசி வரியைப் பாருங்க. 25 வாட் சால்டரிங் அயர்ன் ரெண்டு எடுத்து, கார்பெட்டுக்குக் கீழ நீட்டி வெச்சு ஆன் பண்ணி விட்ட மாதிரி. பாட்டு எப்பவும் ஃபுல் வால்யூம்ல ஓடாது, சராசரி கரன்ட் இதைவிடக் குறைவாத்தான் இருக்கும், உண்மைதான். ஆனா வயரை சராசரிக்கு வாங்கக் கூடாது. எமர்ஜென்சி ஃபண்டை "நல்ல மாசத்து" செலவை வெச்சா கணக்குப் போடுவோம்?

உதாரணம் 2: ரெண்டு ஃபாக் லைட்

55 வாட் பல்ப் ரெண்டு, மொத்தம் 110 வாட். 110 ÷ 13.8 = 8 ஆம்ப். நீளம் 3 மீட்டர். 0.02 × 3 × 8 ÷ 0.36 = 1.33. அப்ப 1.5 ஸ்கொயர் எம்எம் போதுமா?

இங்கதான் ரெண்டாவது சோதனை வருது. வோல்டேஜ் டிராப் கணக்கு நீளம் குறைஞ்சா சைஸையும் குறைச்சுக்கிட்டே போகும். ஒரே மீட்டர் தூரத்துக்கு 45 ஆம்ப்னு போட்டா 2.5 ஸ்கொயர் எம்எம் போதும்னு சொல்லும். ஆனா அந்த வயர் சூட்டுலயே போயிடும். அதனால சூட்டுக்கு ஒரு தனி விதி வெச்சுக்கோங்க. தொடர்ந்து ஓடற கருவிக்கு, ஒரு ஸ்கொயர் எம்எம்முக்கு 4 ஆம்ப். இது கொஞ்சம் தாராளமான, பாதுகாப்பான பக்கம் இருக்கற விதி.

ஃபாக் லைட்டுக்கு 8 ÷ 4 = 2. அதனால 2.5 ஸ்கொயர் எம்எம். ஆம்ப்ளிஃபையருக்கு 45 ÷ 4 = 11.25. அதனால 16. ரெண்டு கணக்கையும் போடுங்க, எது பெருசோ அதை வாங்குங்க. அவ்வளவுதான்.

ஃபாக் லைட்டுக்கு ரிலே கண்டிப்பா வேணும். டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியா 8 ஆம்ப்பை நேரா ஓட்டாதீங்க.

ஃப்யூஸ் யாரைக் காப்பாத்துது?

பேட்டரியில இருந்து வர்ற மெயின் ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாத்தறதுக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. அது வயரைக் காப்பாத்தறதுக்கு. எங்கயாவது வயர் தோல் உரிஞ்சு பாடியில பட்டா, கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்ப்பைக் கொட்டும். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவுல இருக்கற வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல. அதனால ஃப்யூஸ் பேட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும்.

ஃப்யூஸ் ரேட்டிங், கருவி எடுக்கற கரன்ட்டைவிடக் கொஞ்சம் அதிகமாவும், கேபிள் தாங்கறதைவிடக் குறைவாவும் இருக்கணும். நம்ம உதாரணத்துல 45 ஆம்ப் லோடு, 16 ஸ்கொயர் எம்எம் கேபிள்: 60 ஆம்ப் ஃப்யூஸ் சரியா உட்காரும். அதே 60 ஆம்ப் ஃப்யூஸை 4 ஸ்கொயர் எம்எம் வயர்ல போட்டா, ஃப்யூஸ் போறதுக்கு முன்னாடி வயர் போயிடும். "ஃப்யூஸ் அடிக்கடி போகுது சார், பெருசு போட்டுடலாம்"னு யாராவது சொன்னா, அங்கேயே நிறுத்துங்க. ஃப்யூஸ் ஏன் போகுதுன்னு கண்டுபிடிக்காம பெருசு போடறது, கிரெடிட் கார்டு லிமிட் முடிஞ்சதுன்னு லிமிட்டை ஏத்திக்கிற மாதிரி.

கடையில ஏமாறாம இருக்க மூணு விஷயம்

சென்னையில புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் போனாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, இந்த மூணும் நினைவுல இருக்கட்டும்.

முதல்ல, கேஜ். அமெரிக்கன் கேஜ் கணக்குல நம்பர் குறைஞ்சா வயர் தடி. 8 கேஜ்னா சுமார் 8.4 ஸ்கொயர் எம்எம். 4 கேஜ்னா சுமார் 21. 2 கேஜ்னா சுமார் 33.6. ஆனா டப்பாவுல "4 கேஜ்"னு போட்டுட்டு, உள்ள மெல்லிசான கம்பிக்கு மேல தடியா பிளாஸ்டிக் சுத்தி விக்கிறதும் நடக்குது. வெளித் தடிமனைப் பார்த்து வாங்காதீங்க. "உள்ள செம்பு எத்தனை ஸ்கொயர் எம்எம்?"னு கேளுங்க.

ரெண்டாவது, சி.சி.ஏ. பேட்டரி மேல சி.சி.ஏ.ன்னு போட்டிருந்தா, குளிர்ல ஸ்டார்ட் பண்ண எவ்வளவு ஆம்ப் தரும்னு அர்த்தம். அந்த நம்பர் அதிகமா இருந்தா நல்லது. அதே மூணு எழுத்து கேபிள் மேல இருந்தா அர்த்தமே வேற: மேல செம்பு முலாம் பூசின அலுமினியம். முழுச் செம்பைவிட இதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு. அதனால 16 வேண்டிய இடத்துல 25 போட வேண்டியிருக்கும். அதுமட்டுமில்லாம, அலுமினியம் லக்குக்குள்ள நாளடைவில தளர்ந்து, இணைப்பு சூடாகும். விலை குறைவா இருக்குன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூணாவது, எடை. இது ஒரு அக்கவுன்ட்டன்ட் டெஸ்ட். செம்போட எடையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபக் கணக்கு இருக்கு:

ஸ்கொயர் எம்எம் × மீட்டர் × 9 = கிராம்

16 ஸ்கொயர் எம்எம், 5.5 மீட்டர்: 16 × 5.5 × 9 = 792 கிராம். இது செம்பு மட்டும். மேல் உறை எடை தனி. கேபிளைத் தராசுல வெச்சா மொத்தமே 400 கிராம்தான் வருதுன்னா, உள்ள அவ்வளவு செம்பு இல்ல.

இதை விலையிலயும் போட்டுப் பார்க்கலாம். செம்பு கிலோ 900 ரூபாய்னு வெச்சுப்போம் (அன்னைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கோங்க). 792 கிராமுக்கு உலோக விலையே 713 ரூபாய். அப்ப "முழுச் செம்பு, 4 கேஜ், 5 மீட்டர், ஃப்யூஸ் ஹோல்டரோட சேர்த்து 599 ரூபாய்"னு ஒரு கிட் வந்தா, அது என்னன்னு நான் சொல்லத் தேவையில்ல. பழைய இரும்புக்கடையில போட்டாலே அதைவிட அதிகம் கிடைக்கற பொருளை யாரும் புதுசா அந்த விலைக்கு விக்க மாட்டாங்க. 24 சதவீதம் வருமானம் கேரன்டின்னு யாராவது சொன்னா நாம எப்படிச் சந்தேகப்படறோமோ, அதே சந்தேகம் இங்கயும் வேணும்.

ஜிஎஸ்டி பில் வாங்குங்க. "பில் இல்லாம 18 சதவீதம் குறைச்சுக்கலாம் சார்"னு சொல்லுவாங்க. அந்தப் பில் பின்னாடி இன்சூரன்ஸ்ல உங்களுக்குத் தேவைப்படும். எப்படின்னு கீழ சொல்றேன்.

ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி 10 நிமிஷம்

பணம் அதிகமா மிச்சமாகற இடம் இதுதான். கார் மெதுவா சுத்துது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுன்னா மூணு பேர்ல ஒருத்தர் குற்றவாளி: பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், இல்லன்னா இது ரெண்டையும் இணைக்கற கேபிளும் டெர்மினலும். முதல் ரெண்டும் ஆயிரக்கணக்குல செலவு. மூணாவது சில நூறு ரூபாய்தான். ஆனா கடையில முதல்ல மாத்தறது பேட்டரியைத்தான்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். அதை 20 வோல்ட் டிசியில வையுங்க. கியர் நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, கை, துணி, துப்பட்டா எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகாம பார்த்துக்கோங்க. சாவி திருப்ப ஒருத்தர் கூட இருக்கட்டும். தைரியம் இல்லன்னா உங்க மெக்கானிக்கை உங்க கண் முன்னாடி இதைச் செய்யச் சொல்லுங்க.

1. ராத்திரி முழுக்க நிறுத்தின வண்டியில பேட்டரி வோல்டேஜ் பாருங்க. 12.6 பக்கம் இருந்தா முழு சார்ஜ். 12.4 இருந்தா முக்கால்வாசி. 12.0 பக்கம் வந்தா கிட்டத்தட்ட காலி, முதல்ல சார்ஜ் பண்ணணும்.
2. ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி முனையிலேயே பாருங்க. 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி மேல சந்தேகம் நியாயம். 10-க்கு மேல நிக்குது, ஆனாலும் இன்ஜின் மெதுவாத்தான் சுத்துதுன்னா, பேட்டரி தன் வேலையைச் செய்யுது. கரன்ட் வழியில எங்கயோ மாட்டுது, இல்லன்னா ஸ்டார்ட்டர் மோட்டாரே பழுது.
3. மீட்டரோட ஒரு முனை பேட்டரியோட பாசிட்டிவ் முனையில, இன்னொண்ணு ஸ்டார்ட்டர் மோட்டார்ல தடி கேபிள் வந்து சேர்ற போல்ட்டுல. ஸ்டார்ட் பண்ணுங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்தப் பக்கக் கேபிளோ இணைப்போ சரியில்ல.
4. அதே மாதிரி பேட்டரியோட நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல. 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல போனா எர்த் கேபிள் பிரச்சினை. எல்லாரும் மறந்துடற கேபிள் இது.
5. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு பேட்டரியில 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் வரணும். வரலன்னா சார்ஜிங் பக்கம் பாருங்க. புது பேட்டரி போட்டாலும் அதுவும் காலியாகும்.

மூணாவது, நாலாவது சோதனையில மாட்டினா முதல்ல டெர்மினலைச் சுத்தம் பண்ணுங்க. வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா ஆப்பசோடா கலந்த வெந்நீர், பழைய டூத் பிரஷ் போதும். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில. சுத்தம் பண்ணியும் டிராப் குறையலன்னா, ரெண்டு இணைப்பும் இறுக்கமா இருந்தா, கேபிள் உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருக்கு. மாத்திடுங்க.

எந்த சைஸ்? சின்ன பெட்ரோல் கார்ல ஸ்டார்ட்டர் 150 ஆம்ப் எடுக்குது, கேபிள் 1.2 மீட்டர்னு வெச்சுக்கலாம். 0.02 × 1.2 × 150 = 3.6. இதை 25 ஸ்கொயர் எம்எம்மால வகுத்தா டிராப் 0.14 வோல்ட். 16-க்கு 0.23. 10-க்கு 0.36. இங்க 4 ஆம்ப் விதி செல்லாது, ஏன்னா ஸ்டார்ட்டர் சில விநாடிதான் ஓடும். 0.36-ம் 0.5-க்குக் கீழதானேன்னு தோணலாம். ஆனா இது கம்பி மட்டும் பிடிக்கிற பங்கு. லக், போல்ட், டெர்மினல் எல்லாம் தன் பங்கை எடுத்துக்கும். அதனால விதி எளிமையானது: கம்பெனி போட்ட சைஸ், இல்லன்னா அதுக்கு ஒரு சைஸ் மேல. ஒருநாளும் கீழ போகாதீங்க. டீசல் வண்டின்னா கரன்ட் இன்னும் அதிகம், கேபிளும் இன்னும் தடியா வேணும்.

கேபிள் முனையில லக்கைச் சுத்தியலால அடிச்சு நசுக்க விடாதீங்க. சரியான கிரிம்பிங் டூல் வெச்சிருக்கற ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க. நல்ல கேபிளுக்கு மோசமான லக், நல்ல சம்பளத்துக்கு மோசமான செலவுப் பழக்கம் மாதிரி.

ஜம்பர் கேபிள்: "500 ஆம்ப்"னு போட்டிருந்தா நம்பாதீங்க

ஆபத்துக்கு உதவும்னு டிக்கியில போட்டு வைக்கற ஜம்பர் கேபிளையும் இதே கணக்குல போடலாம். 3 மீட்டர் நீளம், போக வர 6 மீட்டர், 100 ஆம்ப்.

- 25 ஸ்கொயர் எம்எம் செம்பு: டிராப் 0.48 வோல்ட்
- 10 ஸ்கொயர் எம்எம் செம்பு: 1.2 வோல்ட்
- 6 ஸ்கொயர் எம்எம் செம்பு முலாம் அலுமினியம்: 3 வோல்ட்

12 வோல்ட்ல 3 வோல்ட் வழியிலேயே போனா ஸ்டார்ட்டர் "டக்"னு ஒரு சத்தத்தோட நின்னுடும். ராத்திரி 11 மணிக்கு ஹைவேயில அது தெரிய வர்றதுக்கு, இப்பவே தராசுல வெச்சுப் பார்த்துடலாம். ஜம்பர் கேபிளுக்கு எடை போடும்போது ரெண்டு வயரையும் சேர்த்துக்கணும்: 16 ஸ்கொயர் எம்எம், 3 மீட்டர் ஜோடின்னா செம்பு மட்டும் 16 × 6 × 9 = 864 கிராம்.

இன்சூரன்ஸ்: இங்கதான் பெரிய பணம்

கார் இன்சூரன்ஸ்ல ரெண்டு பகுதி இருக்கு. தேர்ட் பார்ட்டி, ஓன் டேமேஜ். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்க நிறைய பேர் பிரீமியம் குறைவுன்னு தேர்ட் பார்ட்டி மட்டும் வெச்சிருக்காங்க. அப்படின்னா வயரிங்ல தீப்பிடிச்சு உங்க கார் எரிஞ்சா, உங்க காருக்குக் கிடைக்கறது பூஜ்யம்.

ஓன் டேமேஜ் இருந்தா தீ, தானே தீப்பிடிச்சல் ரெண்டும் கவர்ல வரும். ஆனா எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் பிரேக்டவுன் வராது. அதாவது மெல்லிசான வயரால ஆம்ப்ளிஃபையரோ ஸ்டார்ட்டரோ சும்மா பழுதாச்சுன்னா, அது உங்க பாக்கெட்.

இன்னொரு விஷயம். கம்பெனி விலைப் பட்டியல்ல இல்லாம நீங்க வெளியில மாட்டற எலக்ட்ரிக்கல் கருவிகள் தானா கவர் ஆகாது. அதைச் சொல்லி, பாலிசியில சேர்க்கணும். ஐஎம்டி 24-ன்னு இதுக்கு ஒரு எண்டார்ஸ்மென்ட் இருக்கு. வழக்கமான கட்டணம் கருவியோட மதிப்புல 4 சதவீதம். 20,000 ரூபாய் மதிப்புன்னா 800 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் 144, மொத்தம் வருஷத்துக்கு 944 ரூபாய். மதிப்பைக் காட்ட பில் வேணும். அதான் மேல பில் வாங்கச் சொன்னேன். தீ விபத்துக்கு சர்வேயர் வந்தா, முறையா ஃப்யூஸ் போட்ட, பில் இருக்கற, பாலிசியில சொன்ன வயரிங்குக்கும், டேப் சுத்தின வயரிங்குக்கும் வித்தியாசம் அவருக்கு நல்லாவே தெரியும்.

புது கார்னா வாரன்டியும் இருக்கு. கம்பெனி வயரை வெட்டி ஒட்டு போட்டா, எலக்ட்ரிக்கல் வாரன்டிக்கு வாதாட உங்களுக்கு இடம் இருக்காது. வெட்டாம மாட்டற கப்ளரைக் கேளுங்க.

மொத்தக் கணக்கு

18,000 ரூபாய் ஆம்ப்ளிஃபையர் செட்டுக்கு, 600 ரூபாய் கிட்டுக்குப் பதிலா நல்ல செம்புக் கேபிள், ஃப்யூஸ், லக் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. கூடுதல் செலவு 1,200. செட்டோட விலையில 7 சதவீதத்துக்கும் கீழ. அதுக்குப் பதிலா காப்பாத்தறது அந்த 18,000-ஐயும், அதுக்கு வெளியில இருக்கற 3, 4 லட்சம் ரூபாய் காரையும், உள்ள உட்கார்ந்திருக்கறவங்களையும். இதுக்கு 80சி கழிவு கிடையாதுதான், ஆனாலும் இதைவிட நல்ல டீல் எனக்குத் தெரியல.

கடைக்குப் போகும்போது போன்ல சேவ் பண்ணிக்கோங்க

- கரன்ட்: ஆர்எம்எஸ் வாட் ÷ 0.8 ÷ 13.8, இல்லன்னா கருவி மேல இருக்கற ஃப்யூஸ் நம்பர்
- சைஸ் ஒண்ணு: 0.02 × நீளம் × கரன்ட் ÷ 0.36
- சைஸ் ரெண்டு: கரன்ட் ÷ 4
- ரெண்டுல பெருசு, அதுக்கு மேல கிடைக்கற அடுத்த சைஸ்
- செம்பு எடை: ஸ்கொயர் எம்எம் × மீட்டர் × 9 கிராம்
- எர்த் வயரும் அதே சைஸ். பெயின்ட் சுரண்டி வெறும் இரும்புல போல்ட் போடணும்
- ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருக்கற கார்கள்ல பேட்டரி நெகட்டிவ் முனையில சென்சார் இருக்கும். கூடுதல் எர்த்தை அந்த முனையில மாட்டாம பாடியில எடுங்க
- ஃப்யூஸ் பேட்டரியில இருந்து ஒன்றரை அடிக்குள்ள
- இரும்புத் தகட்டு ஓட்டை வழியா வயர் போகற இடத்துல ரப்பர் வளையம் கண்டிப்பா இருக்கணும்
- ஜிஎஸ்டி பில், பாலிசியில சேர்க்க

ஒரு கடைசி வார்த்தை. கேபிள் தடியா இருந்தா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடும்னு அர்த்தம் இல்ல. சின்ன கார் ஆல்டர்னேட்டர் தர்றதுக்கும் ஒரு எல்லை இருக்கு. அதுக்கு மேல கருவிகளை அடுக்கினா, எவ்வளவு நல்ல கேபிளும் பேட்டரியைக் காப்பாத்தாது. வருமானத்துக்கு மேல இஎம்ஐ போட்டா எந்த பட்ஜெட் ஆப்பும் காப்பாத்தாத மாதிரிதான்.

இந்தக் கணக்கை உங்க வண்டிக்குப் போட்டுப் பாருங்க. கரன்ட், நீளம், வந்த சைஸ் மூணையும் கமென்ட்ல எழுதுங்க, சரியான்னு பார்த்துச் சொல்றேன். மல்டிமீட்டர் சோதனையைச் செஞ்சு காட்ற வீடியோவை நம்ம சேனல்ல பார்க்கலாம். பேட்டரி மாத்தப் போறேன்னு சொல்ற நண்பர் யாராவது இருந்தா, அவர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதை அனுப்பி விடுங்க.